ஆட்டு ஊசியும் அல்சேஷன் நாயும்

கேள்வி: ஐயா, தேவகோட்டை பக்கம் இருபது வெள்ளாடு வைத்திருக்கிறேன். காவலுக்கு இரண்டு நாய். ஒன்று ராஜபாளையம், இன்னொன்று அல்சேஷன் கலப்பு, இருபது கிலோ இருக்கும். இரண்டுக்கும் சொறி. கடைக்காரர் சொன்னபடி, ஆட்டுக்குப் போட்டு மீதியிருந்த ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து ஊசியில் ஆளுக்கு ஒன்றரை மில்லி போட்டேன். ராஜபாளையத்துக்கு ஒன்றுமில்லை. அல்சேஷன் மறுநாள் காலையிலிருந்து தள்ளாடுகிறது, எச்சில் ஒழுகுகிறது, கண் தெரியாமல் சுவரில் முட்டுகிறது. மருந்து கலப்படமா? புளித்தண்ணீர் கொடுத்தால் முறியுமா?

பதில்: போனில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். புளித்தண்ணீர் வேண்டாம். ஊசியில் போனது வாந்தியில் வராது; தள்ளாடுகிற நாயின் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். இதற்கு முறிமருந்து என்று ஒன்று கிடையாது. ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, சூடு குறையாமல் பார்த்து, புரட்டிப் படுக்க வைத்துக் காப்பாற்றுவார்கள். சில இடங்களில் கொழுப்புக் கரைசலும் ஏற்றுகிறார்கள். தேற நாள்கணக்கில் ஆகும், சில நாய்க்கு வாரக்கணக்கில். பிழைத்துவிட்டால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும்.

கலப்படம் என்று நான் நினைக்கவில்லை. கோலி என்ற நாய் இனத்திலும் சில அல்சேஷன்களிலும் எம்டிஆர்1 என்ற மரபணு பழுதாக இருக்கும். மருந்தை மூளைக்குள் விடாமல் வெளியே தள்ளுவது அதன் வேலை. பழுதான நாய்க்கு ஆட்டு அளவில் பாதியே விஷம். எந்தக் கலப்பில் அது இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அளவையும் பாருங்கள். ஆட்டுக்கு, ஒரு சதவீத மருந்து ஒரு மில்லி, ஐம்பது கிலோ எடைக்கு. அந்தக் கணக்கிலேயே இருபது கிலோவுக்கு 0.4 மில்லிதான் வரும். நீங்கள் போட்டது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. நாய்க்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுப்பது கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். ஆட்டுக்குப் போடுவது 200.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். அந்த மீதி மருந்து கொட்டகையில் ஏன் இருந்தது? இருபது ஆடு, சராசரி இருபத்தைந்து கிலோ என்றால் மொத்தம் பத்து மில்லி போதும். கடைக்காரர் கட்டுவது ஐம்பது மில்லி பாட்டில். மிச்சம் நாற்பது மில்லி பரணில் ஏறும். அப்புறம் சொறிக்கு, உண்ணிக்கு, பக்கத்து வீட்டு நாய்க்கு என்று இறங்கும். லாபம் பெரிய பாட்டிலில். எடை கேட்காமல் மில்லி சொல்கிறவரிடம் நான் தீவனம்கூட வாங்க மாட்டேன்.

வலி மருந்தான டைக்ளோபினாக் கதையும் இதுதான். அது போட்ட மாட்டின் பிணத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் செத்ததால் 2006-ல் கால்நடைக்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்ததால், 2015-ல் அதையும் 3 மில்லிக்குச் சுருக்கினார்கள். ஐவர்மெக்டினையும் சின்னக் குப்பியில் மட்டும் விற்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

அந்தப் பத்து மில்லியும் தேவையா என்பது அடுத்த விஷயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு எல்லா ஆட்டுக்கும் போடுவது, மருந்துக்கு அடங்காத புழுவைத்தான் வளர்க்கும். புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழுவைச் சந்தேகிக்கலாம். குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம்.

மாட்டு உண்ணி மருந்தான அமிட்ராஸை மீதியிருக்கிறதென்று நாய் மேல் ஊற்றுவதும் இதே தப்புதான். நாய் சோர்ந்து, நாடி குறைந்து படுத்துவிடும்.

இன்னொன்று: ஐவர்மெக்டின் பெரும்பகுதி சாணத்திலும் புழுக்கையிலும்தான் வெளியேறும்; நாய் அதைத் தின்றால் மருந்தும் உள்ளே போகும். ஆட்டுக்கு மருந்து போட்ட பிறகு ஒரு வாரம், பத்து நாள் அல்சேஷனைப் பட்டிக்குள் விடாதீர்கள். ராஜபாளையத்துக்கு இரண்டாவது ஊசி வேண்டாம். டாக்டரிடம் தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பூச்சிச் சொறிதான் என்றால் நாய்க்கென்றே மாத்திரை இருக்கிறது, விலை கொஞ்சம் கூடுதல். அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போட்டுப் பாருங்கள்; வண்டி வராவிட்டாலும் யாரிடம் போவது என்று கேட்டுக்கொள்ளலாம்.