காசு கட்ட முன் மூன்று ரவுட்டர்

அம்மா, மகன் ஏ.எல். முடித்துவிட்டு நெட்வேர்க்கிங்தான் படிப்பேன் என்று நிற்கிறார், கொழும்பில் சீ.சீ.என்.ஏ. (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வேர்க்கிங் சான்றிதழ்) வகுப்புக்குக் காசு கட்டுவதா என்று கேட்கிறீர்கள். இப்போது வேண்டாம். நெட்வேர்க்கைக் கணினித் திரையிலேயே கட்டிப் பழகும் சிஸ்கோவின் பக்கற் ட்ரேசர் மென்பொருள் இலவசம், சாதாரண மடிகணினி போதும். ஒரு மாதம் அதில் பழக விட்டுப் பாருங்கள். மிச்சம் அவருக்கு.

தம்பி, பரந்தன், மாங்குளம், முல்லைத்தீவு என்று மூன்று ரவுட்டர் (தரவுக்கு வழிகாட்டும் கருவி) வையுங்கள். பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு நேரே சீரியல் இணைப்பு. மாங்குளத்தால் சுற்றும் இரண்டு இணைப்பும் 100 மெகாபிற் ஈதர்நெட். முல்லைத்தீவுக்குப் பின்னால் அதே வேகத்தில் ஒரு கணினி.

முதலில் ரிப், ரவுட்டர்கள் தாமாக வழி கண்டுபிடிக்கும் ஒரு முறை. அது இடையிலுள்ள ரவுட்டர்களை மட்டும் எண்ணும். எண்ணிக்கை 16 ஆனால் வழியில்லை என்று விட்டுவிடும். எனவே மெதுவான சீரியலையே பிடிக்கும். அதை எடுத்துவிட்டு ஓ.எஸ்.பி.எஃப். என்ற மற்ற முறையைப் போடுங்கள். இது இணைப்பின் வேகத்தைப் பார்த்துச் செலவு கணக்கிடும். சீரியலுக்குச் செலவு 64, ஈதர்நெட்டுக்கு 1, மாங்குளத்தால் போகும். ரவுட்டரில் 'ஷோ ஐபி ரவுட்' என்ற கட்டளை கொடுத்தால் முன்னதற்கு 120/1, பின்னதற்கு 110/3 என்று தெரியும். 120, 110 என்பவை அந்த முறையை எவ்வளவு நம்பலாம் என்று காட்டும் நம்பிக்கை எண்கள்; 1 ரிப்பின் எண்ணிக்கை, 3 கணினி வரையான மூன்று ஈதர்நெட்டின் மொத்தச் செலவு. ஒரே முகவரித் தொகுதிக்கு இரண்டும் வழி சொன்னால் சிறிய எண் வெல்லும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு விதி இருக்கிறது, நேர்முகத்தில் பலர் சறுக்குவது இதில்தான்: பக்கற்றை (தரவுப் பொதியை) அனுப்பும்போது மிகக் குறுகிய தொகுதிக்கான வழியே எடுபடும். 2008 பெப்ரவரியில் பாகிஸ்தான் ரெலிகொம் யூடியூப்பின் /22 தொகுதிக்குள் ஒரு /24ஐத் தன்னுடையதென்று அறிவித்தது (கோட்டுக்குப் பின்னுள்ள எண் பெரிதானால் தொகுதி சிறிது). உள்நாட்டில் தடுக்கப் போட்டது வெளியே கசிந்து, பிற நாட்டு ரவுட்டர்களும் அந்தப் பக்கம் திரும்பின.

இனிக் கெடுத்துப் பாருங்கள். கையால் வழி எழுதும்போது முல்லைத்தீவில் திரும்பும் வழியை விட்டுவிடுங்கள்: பக்கற் போய்ச் சேரும், பதில் வராது. ஓ.எஸ்.பி.எஃப். ரவுட்டர்கள் 'இருக்கிறேன்' என்று ஒன்றுக்கொன்று ஹலோ அனுப்பும்; அந்த ஹலோ நேரத்தை ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள்: அயல் ரவுட்டருடனான உறவு முறியும். இரண்டு ரவுட்டருக்கு நடுவில் சுவிட்ச் வைத்து மறுமுனை வயரைக் கழற்றுங்கள்: இந்தப் பக்கம் லைற் எரிந்தபடியே இருக்கும், ரவுட்டர் ஹலோ வராமலே 40 விநாடி வரை பழைய வழியை நம்பிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் அலுக்காவிட்டால் கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள ஜேர்மன் ரெக் பயிற்சி நிலையத்தில் என்.வீ.கியூ. (தேசிய தொழில் தகைமை) படிப்பை விசாரியுங்கள், இசட் புள்ளி இடம்கொடுத்தால் வவுனியாப் பல்கலைக்கழகம். சீ.சீ.என்.ஏ. பரீட்சை தமிழில் இல்லை, 120 நிமிடம், சித்தியடைந்தால் 3 வருடம் செல்லும். அதனால் வேலை தேடும் வருடத்தில் எடுப்பதே புத்தி.