மைட்டோகாண்ட்ரியா நோய் பற்றி மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்துவது எப்படி? இவ்வளவு அபூர்வமான நோய்க்கு அது தேவைதானா?

பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் மைட்டோகாண்ட்ரியா தெரியும். ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று ஒரு வரி எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்த நிலையம் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஆசிரியரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது பல வருடங்களாகப் படுத்துக்கொண்டுதான் இருந்தது. எங்களுக்குத் தெரிய வந்தது அக்காவுக்கு 34 வயதானபோது.

அக்காவுக்கு 27 வயதில் சர்க்கரை வந்தது. ஒல்லியான உடம்பு. ‘இந்த வயதில் இப்போதெல்லாம் சகஜம்’ என்றார்கள், மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். முப்பதைத் தாண்டியதும் காது மந்தமானது. அதற்கு வேறு மருத்துவர், வேறு ஃபைல், ஒரு காது கேட்கும் கருவி. மாடிப்படி ஏறினால் கால் கடுக்கிறது என்பாள். ‘நடந்தால் சரியாகிவிடும்’ என்று நானே சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் விடியற்காலையில் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வலிப்பு. பார்வையில் ஒரு பாதி இல்லை. பக்கவாதம் என்று சேர்த்துக்கொண்டார்கள். எம்.ஆர்.ஐ பார்த்த மருத்துவருக்கு மட்டும் ஏதோ உறுத்தியிருக்கிறது. வழக்கமான பக்கவாதத்தில், அடைபட்ட ரத்தக்குழாய் எந்தப் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிறதோ அந்தப் பகுதிதான் கெடும். இங்கே பாதிப்பு அந்த எல்லைக்குள் அடங்காமல் பரவியிருந்தது. அவர் நடைவழியில் நின்றுகொண்டே என்னிடம் கேட்டார்: “உங்க அம்மாவுக்குக் காது நல்லா கேக்குமா?”

அம்மா பத்து வருடமாகக் கருவி போட்டிருக்கிறார். சர்க்கரையும் உண்டு. பெரிய மாமாவுக்கும் இரண்டும் இருந்தன. ‘எங்க பரம்பரையே அப்படித்தான்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லி வந்த விஷயம் அது. அந்தச் சிரிப்புக்குள்தான் நோய் ஒளிந்திருந்தது.

சிறுநீரில் மரபணுப் பரிசோதனை செய்தார்கள். (அவர்கள் தேடிய மரபணு மாற்றம் ரத்தத்தில் வயது ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். ரத்தத்தில் மட்டும் தேடினால் தப்பிவிடலாம், சிறுநீரில் நன்றாகத் தெரியும்.) மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக ஒரு சின்ன டி.என்.ஏ இருக்கிறது: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவ்வளவுதான். அதில் 3243-ஆவது எழுத்து மாறியிருந்தது. அந்த ஓர் எழுத்துதான் சர்க்கரை, காது, கால் கடுப்பு, கடைசியில் அந்த விடியற்காலை எல்லாமே. மெலாஸ் என்று பெயர் சொன்னார்கள், பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் வரும் ஒரு மைட்டோகாண்ட்ரியா நோய். 1984-இலேயே மருத்துவ இதழில் வந்துவிட்ட பெயர்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தேவையா என்பதை முதலில் பார்த்துவிடலாம். மைட்டோகாண்ட்ரியா நோய்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. அபூர்வம்தான். ஆனால் நோய் உண்டாக்கக்கூடிய மாற்றம் ஒன்றைக் குறைந்த அளவிலாவது உடம்பில் வைத்திருப்பவர்கள் 200 பேரில் ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் ஆவதில்லை. அமெரிக்காவில் சுமார் 200 நோயாளிகளிடம் கேட்டு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நோய் இன்னதென்று தெரிவதற்குள் ஒருவர் சராசரியாக 8 மருத்துவர்களைப் பார்த்திருந்தார். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் வேறு நோய் என்று சொல்லப்பட்டிருந்தது. அக்காவின் ஃபைல்களை எண்ணிப் பார்த்தேன், ஆறு. சராசரியைவிட நாங்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், இந்த நோய் எந்த உறுப்பு அதிகமாக ஆற்றல் செலவழிக்கிறதோ அதைப் போய்ப் பிடிக்கும். மூளை, இதயம், தசை, கண், காது, கணையம். நம் மருத்துவமோ உறுப்புவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. காது மருத்துவர் காதைப் பார்ப்பார், சர்க்கரை மருத்துவர் சர்க்கரையைப் பார்ப்பார். இருவர் மேலும் தப்பில்லை. இரண்டு சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாரும் இல்லை என்பதுதான் பிரச்சினை. அந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் நிற்க முடியும். ஆகவே என்னைக் கேட்டால், மக்களுக்கு செல்லின் எரிபொருளான ஏ.டி.பி எப்படி உருவாகிறது என்று படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. ஒரு கேள்வியைப் பரப்பினால் போதும்: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் மூன்று உறுப்புகளில் கோளாறு இருக்கிறதா, இல்லை குடும்பத்தில் அப்படி யாராவது இருக்கிறார்களா? ஆமாம் என்றால், ‘இது மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்டதாக இருக்குமா?’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். வரட்டுமே.

எங்கள் வீட்டில் அதிகமாக வலித்தது வேறொரு விஷயம். அரைகுறை விழிப்புணர்வு.

‘மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்துதான் வரும்’ என்ற ஒரு வரி மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. செய்தி பரவியதும் ஒரு உறவினர் அம்மாவின் முகத்துக்கு நேராகவே, “அப்போ எல்லாம் உன்கிட்டேர்ந்து வந்ததுதானா?” என்றார். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த ஒரு வரியை நீட்டிச் சொல்ல யாரும் இல்லை. மைட்டோகாண்ட்ரியா வேலை செய்ய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அவற்றில் 13-ஐ மட்டும்தான் அதன் சொந்த டி.என்.ஏ தருகிறது. மற்றதெல்லாம் செல்லின் உட்கருவில் இருக்கும் மரபணுக்களிலிருந்து வருபவை, அதாவது அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும். குழந்தைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பகுதி இப்படி வருவதுதான். பல நேரம் பெற்றோர் இருவருமே ஆளுக்கொரு பழுதான பிரதியுடன் ஆரோக்கியமாக இருப்பார்கள், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இன்னும் சில பேருக்கு யாரிடமிருந்தும் வராமல் புதிதாகவே தோன்றும்.

எங்கள் வீட்டு நோய் தாய்வழியில் வந்தது என்பது உண்மைதான். அதிலும் ‘உன்கிட்டேர்ந்து’ என்று சொல்ல என்ன இருக்கிறது? ஒரு செல்லுக்குள் இந்த டி.என்.ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகளாக இருக்கும். நல்லதும் பழுதானதும் கலந்திருக்கும். வெள்ளையும் கறுப்புமாக மணிகள் போட்ட ஒரு பையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கருமுட்டைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுகிற மாதிரிதான். அக்காவுக்குக் கறுப்பு நிறைய விழுந்துவிட்டது. எனக்கும் இருக்கிறது, குறைவாக. பழுதின் பங்கு ஓர் அளவைத் தாண்டினால்தான் அந்த உறுப்பு தடுமாற ஆரம்பிக்கும். ஒரே வயிற்றில் பிறந்த ஒருவர் படுக்கையிலும் இன்னொருவர் பக்கத்தில் நாற்காலியிலும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நான் ஆண் என்பதால் என் பிள்ளைகளுக்கு இது போகாது. அக்கா மகளுக்குப் போயிருக்கும். எவ்வளவு என்று தெரியாது. அவளுக்கு இப்போது 12 வயது, ஓடியாடிக்கொண்டிருக்கிறாள். அறிகுறி இல்லாத குழந்தைக்கு அவசரப்பட்டுப் பரிசோதனை வேண்டாம், வளர்ந்து அவளே முடிவு செய்யட்டும் என்று மரபியல் ஆலோசகர் சொன்னார். பிரிட்டனில் 2015-இல் சட்டம் கொண்டுவந்து, வேறொரு பெண்ணின் ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியாவுடன் கரு உருவாக்கும் முறையை அனுமதித்தார்கள். நியூகாசிலில் அப்படி 8 குழந்தைகள் பிறந்ததாக 2025-இல் அறிவித்தார்கள். அக்கா அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறாள், மகளுக்காக.

செப்டம்பர் மூன்றாவது வாரத்தை உலக மைட்டோகாண்ட்ரியா நோய் வாரமாக வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் புகழ்பெற்ற கட்டடங்களில் பச்சை விளக்கு போடுவார்கள். முதலில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பச்சையாகத் தெரியும் பாலத்தைப் பார்த்து யாருக்கு லாக்டேட் (செல் ஆற்றலுக்குத் திணறும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டிக் அமிலம்) அளவு புரியப் போகிறது? அக்காதான் மாற்றுக் கருத்து சொன்னாள்: “டேய், வேற யாருக்கும் புரிய வேண்டாம். எனக்கு இப்படி ஒண்ணு நிஜமாவே இருக்குன்னு அந்தப் பாலத்துக்காவது தெரியுதே.” நான் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பார்த்தால் நோயாளி மாதிரி தெரியமாட்டாள். காலையில் வேலை செய்வாள், மதியம் எழுந்திருக்க முடியாது. சோம்பல், நடிப்பு, மனசுதான் காரணம் என்று எல்லாம் கேட்டாகிவிட்டது. விழிப்புணர்வு என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பேசுங்கள்: தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை இது. செல்லுக்குள் கையிருப்பே குறைவு. வகுப்பில் திடீரென்று துவண்டுபோகும் பிள்ளையை ஆசிரியர் ஒருவர் அடையாளம் கண்டு பெற்றோரிடம் சொன்னால், அது நூறு சுவரொட்டிக்குச் சமம்.

இன்னொரு எரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். இணையத்தில் மைட்டோகாண்ட்ரியா என்று தேடினால் நோய்க்கு முன்னால் மாத்திரை விற்பவர்கள்தான் வருகிறார்கள். ‘உங்கள் ஆற்றலைத் தட்டி எழுப்புங்கள்’ என்று. செல் ஆற்றல் உண்டாக்க உதவும் கோஎன்சைம் கியூ10 என்ற பொருள் உடம்பில் உருவாவதிலேயே குறை இருக்கும் ஒரு சிறு பிரிவினருக்கு அந்த மாத்திரை உண்மையிலேயே சிகிச்சை. பெரும்பாலும் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் லீ நோய் என்ற மைட்டோகாண்ட்ரியா நோய் மாதிரியே தோற்றம் காட்டும் ஒரு கோளாறு, பயோட்டின், தயமின் என்ற வைட்டமின்களை அதிக அளவில் கொடுத்தால் நன்றாகக் கட்டுப்படும். அதனால்தான் சரியான பெயர் தெரிவது முக்கியம். மற்ற பெரும்பாலான வகைகளை முழுசாகக் குணமாக்க வழி இன்னும் இல்லை. மருத்துவர் மேற்பார்வையில் அளவான உடற்பயிற்சி, இதயத்தையும் காதையும் கண்ணையும் தவறாமல் சோதிப்பது, வலிப்பைக் கட்டுப்படுத்துவது, இவ்வளவுதான்.

மருந்து விஷயத்தில் தெரிந்துவைத்திருப்பது உயிரையே காக்கும். போல்ஜி என்ற மரபணுவில் கோளாறு உள்ளவருக்கு வலிப்புக்கென்று வால்ப்ரோயேட் கொடுத்தால் கல்லீரல் செயலிழக்கலாம். வேறொரு மாற்றம் உள்ளவருக்கு கிருமித் தொற்றுக்குப் போடும் ஜென்டமைசின் வகை ஊசியால் காது நிரந்தரமாகப் போய்விடலாம். அக்கா ஏழு வருடம் சாப்பிட்ட மெட்ஃபார்மினைப் பெயர் தெரிந்த வாரமே நிறுத்தி இன்சுலினுக்கு மாற்றினார்கள், லாக்டிக் அமிலம் ஏறிவிடும் என்ற பயத்தால்.

இதனால் அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு தாள் இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு. நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயை நேரில் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. அவருக்கு முப்பது வினாடியில் படிக்க ஒன்று வேண்டும். வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்டு இப்படி ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் நோயின் பெயர், மரபணு மாற்றம், தவிர்க்க வேண்டிய மருந்துகள், நீண்ட நேரம் வெறும் வயிற்றில் வைக்கக் கூடாது, காய்ச்சலோ வாந்தியோ வந்தால் காத்திருக்காமல் டிரிப்ஸ் போட வேண்டும், மயக்க மருந்து கொடுக்கும் முன் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இருக்கிறது. இதெல்லாம் மருத்துவர் எழுதித் தந்தது. கடைசி வரியை அக்கா தன் கையால் சேர்த்திருக்கிறாள்: ‘எனக்குக் காது சரியாகக் கேட்காது. கத்த வேண்டாம். என் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுங்கள்.’