ஆல்டர்னேட்டரை மாற்றினால் பாஸ் விழும்போது விளக்கு மங்குவது நிற்குமா?

கேள்வி: சிங்கப்பூரில் 1.6 லிட்டர் செடான் ஓட்டுகிறேன். பூட்டில் (பின்புறச் சாமான் அறையில்) 1,500 வாட் ஆம்ப்ளிஃபையரும் இரண்டு 12 அங்குல சப்வூஃபர்களும் வைத்த பிறகு, இரவில் பாட்டில் பாஸ் (தாழ்ந்த அதிர்வொலி) விழும் ஒவ்வொரு முறையும் முகப்பு விளக்குகள் மங்குகின்றன. கார் ஆடியோ கடையில் 220 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது காருக்கு மின்சாரம் உண்டாக்கும் கருவி) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடலாம், ஆனால் அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். இதே அறிவுரையைக் கேட்டு, ஏறத்தாழ 1,200 வெள்ளி செலவழித்த பிறகும் விளக்கு மங்குவதைப் பார்த்துக்கொண்டு நெரிசலில் உட்கார்ந்திருந்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். நான் கார் மெக்கானிக் அல்லன். துவாஸில் கப்பல் பட்டறையொன்றில் மின் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். வேலையிடத்தில் அளந்து பார்க்காமல் ஒரு பியூஸைக்கூட மாற்றாத நான், சொந்தக் காரில் மட்டும் பெட்டியில் அச்சிட்டிருந்த எண்ணை அப்படியே நம்பிவிட்டேன்.

என் காரோடு வந்த ஆல்டர்னேட்டர் 80 ஆம்பியர். அதைக் கழற்றிவிட்டு 220 ஆம்பியர் என்று எழுதியிருந்த ஒன்றைப் பொருத்தினார்கள். மறுநாள் வேலை முடிந்து ஆயர் ராஜா விரைவுச்சாலையில் திரும்பும்போது நல்ல மழை. ஏர்கான், வைப்பர், முகப்பு விளக்கு எல்லாம் ஓட, வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. டேஷ்போர்டில் நான் ஒட்டியிருந்த சிறிய வோல்ட்மீட்டர் 12.3 காட்டியது. பழைய ஆல்டர்னேட்டர் இருந்தபோது அதே நெரிசலில் 12.5 ஆவது காட்டும். முன்னால் நின்ற லாரியின் பின்கதவில் என் விளக்கு வெளிச்சம் பாட்டின் தாளத்துக்கு ஏற்பத் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே புக்கிட் பாத்தோக்கில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்குப் போனேன். அங்குள்ள சீன அங்கிள் நான் சொன்ன கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீட்டர் மானா?" (மீட்டர் எங்கே?) என்று மலாயில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மின்சார வேலை பார்ப்பவன் மீட்டர் இல்லாமல் வந்து நிற்கிறான் என்பது அவருக்கு வேடிக்கையாகப் போயிற்று. எனக்கு அது சிரிக்கும்படியாக இல்லை.

அவருடைய மீட்டரை மிகக் குறைந்த அளவைப் பதிவுசெய்யும் நிலையில் வைத்துக்கொண்டோம். பாட்டை ஓடவிட்டு அளந்தால் பாஸ் விழும் கணத்தை எண்கள் தவறவிட்டுவிடும் என்பதால், 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைச் சில விநாடிகள் மட்டும் ஒலிக்கவிட்டோம். பேட்டரி முனைகளுக்கு இடையில் 13.1 வோல்ட் இருந்த அதே நேரத்தில், பூட்டில் ஆம்ப்ளிஃபையரின் முனைகளில் 11.4 தான் இருந்தது. நடுவில் காணாமல்போன 1.7 வோல்ட்டைத் துண்டு துண்டாகத் தேடினோம். பேட்டரியிலிருந்து பின்னால் வரும் சிவப்புக் கேபிளில் 0.4 போயிற்று. ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள 4 கேஜ் (கம்பிப் பருமன் அளவு; எண் குறையக் குறையத் தடிமன் கூடும்) செம்புக் கேபிளில் 100 ஆம்பியர் பாய்ந்தால் அவ்வளவு போவது இயல்புதான். பூட்டில் எர்த் வயரைப் பிடித்திருந்த போல்ட்டில் 0.6 போயிற்று, அது பெயின்டின் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது, கை வைத்தால் சூடு தெரிந்தது. மீதி 0.7, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து காரின் உடலுக்குப் போகும் தொழிற்சாலை வயரில் தொலைந்துகொண்டிருந்தது.

விளக்கு மங்கியதற்குப் பெரும் காரணம் இந்தக் கடைசி 0.7 தான். முகப்பு விளக்கின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் காரின் உடல் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகின்றன. விரல் பருமன்கூட இல்லாத அந்த வயர், விளக்குக்கும் ஹார்னுக்கும் போதும் என்று போடப்பட்டது. அதன் வழியே 100 ஆம்பியர் திரும்பும்போது விளக்குக்குக் கிடைக்கும் மின்னழுத்தமும் சேர்ந்தே குறைகிறது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 5 விழுக்காடு குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைந்துவிடும் என்பதால், கண்ணுக்கு அது பெரிதாகத் தெரிகிறது. ஆயிரம் ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போட்டாலும் அந்த 0.7 அங்கேயேதான் இருக்கும்.

ஆகவே முதல் செலவு கேபிளுக்கு. கார் ஆடியோக்காரர்கள் "பிக் த்ரீ" என்று சொல்லும் மூன்று இணைப்புகளையும், அதாவது ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவ், பேட்டரி நெகட்டிவிலிருந்து காரின் உடல், எஞ்சினிலிருந்து காரின் உடல் ஆகியவற்றைத் தடித்த 1/0 கேஜ் செம்புக் கேபிளால், பழைய வயர்களை அகற்றாமல் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள். அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு பூசிய மலிவான கேபிளை அதே பருமனுக்கு அதே விலை சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள்; நுனியைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். பேட்டரியிலிருந்து பூட்டுக்குப் போகும் கேபிளுக்கான பியூஸ் பேட்டரிக்கு மிக அருகில், அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்காவது கேபிள் உரசி உடலைத் தொட்டதும் தீப்பிடிக்கும். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்டை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். அன்று எங்களுக்கு ஆன செலவு கேபிளுடன் 180 வெள்ளிதான். விளக்குத் துடிப்பு ஏறத்தாழ நின்றுவிட்டது.

ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம், நெரிசலில் வோல்ட் இறங்கும் தொல்லை அப்படியே இருந்ததுதான். ஆல்டர்னேட்டர் பற்றிய உண்மையான பேச்சு இங்குதான் தொடங்குகிறது. உங்கள் 1,500 வாட் என்பது உண்மையான ஆர்எம்எஸ் அளவு (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்றே வைத்துக்கொள்வோம். (ஆம்ப்ளிஃபையரில் செருகியிருக்கும் பியூஸ்களைக் கூட்டிப் பாருங்கள், 30 ஆம்பியர் பியூஸ் இரண்டு மட்டும் இருந்தால், தொடர்ந்து 1,500 வாட் என்பது அட்டைப்பெட்டியில் மட்டுமே உள்ள எண்.) கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையர் 80 விழுக்காடு திறனுடன் இயங்கினால், உள்ளே 1,875 வாட் வேண்டும், 13.5 வோல்ட்டில் அது ஏறத்தாழ 139 ஆம்பியர். பாட்டு முழுவதும் உச்சத்தில் ஒலிப்பதில்லை என்பதால், சராசரியாக அதில் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 35 முதல் 45 ஆம்பியர். அதற்குமேல் நம் ஊர் வெயிலில் ஓயாமல் ஓடும் ஏர்கான் புளோவர், ரேடியேட்டர் விசிறி, எரிபொருள் பம்ப், இக்னிஷன், இரவில் விளக்கு எல்லாம் சேர்ந்து 50 ஆம்பியர்வரை கேட்கும்.

80 ஆம்பியர் என்று எழுதியிருக்கும் ஆல்டர்னேட்டர் அந்த அளவை எப்போது தரும் என்பதுதான் கேள்வி. அந்த எண் பொதுவாக ஆல்டர்னேட்டர் நிமிடத்திற்கு 6,000 சுற்று சுற்றும்போது, அது குளிர்ச்சியாக இருக்கும் நிலையில் எடுக்கப்படுவது. புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) விகிதம் 2.7 என்றால், அதாவது எஞ்சின் ஒருமுறை சுற்றும்போது ஆல்டர்னேட்டர் 2.7 முறை சுற்றுமானால், எஞ்சின் 700 சுற்றில் சும்மா ஓடும்போது ஆல்டர்னேட்டர் 1,900 சுற்றில்தான் சுற்றும். அப்போது எழுதியதில் பாதியைச் சுற்றித்தான் கிடைக்கும். சூடேறினால் இன்னும் குறையும், ஏனெனில் செம்பின் மின்தடை ஒவ்வொரு 10 பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது. என் புதிய 220ஐ சூடான நிலையில், எஞ்சின் சும்மா ஓடும்போது கிளாம்ப் மீட்டர் வைத்து அளந்தோம்: 41 ஆம்பியர். கழற்றி வைத்திருந்த பழைய 80 மீண்டும் மாட்டப்பட்டபோது அதே நிலையில் 48 தந்தது! காரணம் மாயமில்லை. உச்ச அளவைக் கூட்டுவதற்காகத் தடித்த கம்பியைக் குறைவான சுற்றுகளாகச் சுற்றும்போது, மின்னழுத்தம் எழும்புவதற்கே கூடுதல் வேகம் தேவைப்படுகிறது. நெடுஞ்சாலையில் அது அரசன். போக்குவரத்து விளக்கில் ஆண்டி.

ஆகவே கடைக்காரரிடம் உச்ச அளவைக் கேட்காதீர்கள். "சூடான நிலையில், எஞ்சின் சும்மா ஓடும்போது எத்தனை ஆம்பியர்? சோதனை வரைபடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். வரைபடம் இல்லையென்றால் நான் வாங்க மாட்டேன். சிறிய புல்லி போட்டு வேகத்தைக் கூட்டலாம் என்று சொன்னால் தயங்குங்கள்: எஞ்சின் 6,500 சுற்றைத் தொடும்போது மூன்று மடங்கு விகிதத்தில் ஆல்டர்னேட்டர் 19,500 சுற்றுக்குப் போய்விடும், பெரும்பாலானவை ஏறத்தாழ 18,000 வரைதான் தாங்கும். பெல்ட் பிடிமானமும் குறையும். 220 ஆம்பியரை உண்மையாகவே இழுத்தால் பெல்ட்டின்மேல் ஏறத்தாழ 5 கிலோவாட் சுமை ஏறும். காலையில் வண்டியைக் கிளப்பியதும் கீச்சென்று கத்துவது அதனால்தான்.

நான் கடைசியில் பொருத்தியது, என் காரைத் தயாரித்தவர்களின் பெரிய எஞ்சின் வண்டியில் வரும் 130 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். அதே பிடிமானம், அதே பிளக், எஞ்சின் சும்மா ஓடும்போது 75 ஆம்பியர். பிளக் பொருந்துவது மிக முக்கியம், ஏனெனில் இப்போதைய பல கார்களில் ஆல்டர்னேட்டர் எத்தனை வோல்ட் தர வேண்டும் என்பதை எஞ்சின் கணினிதான் தீர்மானிக்கிறது. பொருந்தாததைப் போட்டால் பேட்டரி விளக்கு எரிந்தபடியே இருக்கும். பேட்டரி நெகட்டிவ் முனையில் சிறிய சென்சார் பெட்டி இருந்தால், கூடுதல் எர்த் கேபிளை அந்தப் பெட்டிக்கு அப்பால், காரின் உடல் பக்கத்தில் இணைக்கவும். முனையிலேயே நேராக இணைத்தால் கணினியின் கணக்கு தவறிப்போகும். ஹைப்ரிட் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆல்டர்னேட்டரே கிடையாது.

ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் போதும் என்றும் யாராவது சொல்வார்கள். 14.4 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது அது தருவது ஏறத்தாழ 32 ஜூல்; 1,000 வாட்டுக்கு அது ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குகூடத் தாங்காது. அந்தப் பணத்தில் நல்ல ஏஜிஎம் பேட்டரி (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் வகை) வாங்குங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்பதானால் பேட்டரி மட்டுமே உதவும். வண்டியை நிறுத்திவிட்டு எஞ்சினைத் தேவையின்றி ஓடவிடுவது இங்கே குற்றம்.

வேலையை ஒப்படைக்கும் முன், வாகன மாற்றங்களைப் பற்றிய நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்; வாரன்டி இன்னும் இருந்தால் விற்பனையாளரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஜோகூரில் மலிவாக முடியும் என்பது உண்மைதான், ஆனால் பெல்ட் கத்தினால் கடற்பால நெரிசலில் திரும்பிப் போக வேண்டியவர் நீங்கள். கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரைக் கையோடு வாங்கி வீட்டில் வையுங்கள். என்னுடையது காலணி அலமாரிக்குக் கீழே இருக்கிறது. சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) முடிந்து வண்டியைக் கொடுக்கும்போது அதை மாட்டிவிட்டு, நல்லதைக் கழற்றி வைத்துக்கொள்வதாக உத்தேசம்.