ஓட்டோ ஐஎஸ்ஓ: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

"ஓட்டோ ஐஎஸ்ஓ பழகுகிறவர்களுக்குத்தான், தொழில் தெரிந்தவர்கள் தொடமாட்டார்கள் என்கிறார் எங்கள் ஸ்டூடியோ அண்ணை. நிப்பாட்டவா?" (வவுனியா)

வேண்டாம், தம்பி. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்குக் கமரா காட்டும் உணர்திறன், ஓட்டோ என்றால் கமராவே அதை ஏற்றி இறக்கும். நானும் பல வருடம் ஐஎஸ்ஓவைக் கையால் மாற்றிக்கொண்டுதான் கலியாண வீடுகளில் படமெடுத்தேன். முற்றத்தில் நல்ல வெயில், மணவறைக்குள் இருட்டு. ஒருமுறை மாற்ற மறந்து, தாலி கட்டும் படம் ஆடிப்போய்விட்டது. அந்தக் குடும்பத்துக்கு அந்த நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓட்டோ என்றாலும் எல்லை போடுவது நீங்கள்தான். ஐஎஸ்ஓ எதுவரை ஏறலாம், சட்டர் (சென்சரில் வெளிச்சம் விழும் நேரம்) எதுவரை இறங்கலாம் என்று மெனுவில் இரண்டு இருக்கும். இரண்டாவதைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. சும்மா விட்டால் பல கமராக்கள் லென்ஸைப் பார்த்து, 50 எம்எம் என்றால் 1/50 நொடி அளவில் சட்டரை வைத்துக்கொள்ளும். அது உங்கள் கை ஆடுவதற்குப் போதும், ஓடித்திரியும் பிள்ளைக்குப் போதாது. ஆட்கள் நடமாடும் இடத்தில் 1/250 வையுங்கள். (சட்டரைக் கமராவே தெரிவுசெய்யும் அப்பச்சர், அதாவது லென்ஸ் துவார முன்னுரிமை, புரோகிராம் மோட்களில்தான் இந்த எல்லை வேலை செய்யும்.)

மேல் எல்லைக்கு 6400 என்பேன். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளி விழும் என்று பயந்து 1600இல் பூட்டினால், 1/125 கிடைக்கவேண்டிய வெளிச்சத்தில் 1/30தான் மிஞ்சும். புள்ளியைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம். ஆடிய முகத்தை என்ன செய்வது? புள்ளிக்கு மூலகாரணமும் சென்சருக்கு வெளிச்சம் போதாததுதான். ஐஎஸ்ஓவைக் குறைத்து இருட்டாக எடுத்த படத்தைக் கணினியில் வெளிச்சமாக்கிப் பாருங்கள், அதே புள்ளி அங்கேயும் எழும்பும்.

"வற்றாப்பளைப் பொங்கலுக்கு இரவில் எடுத்த படங்களில் அம்மாமாரின் முகமெல்லாம் வெளுத்துப்போய்விட்டது. ஓட்டோ ஐஎஸ்ஓதான் காரணமா?" (முல்லைத்தீவு)

காரணம் பின்னாலிருந்த இருட்டு, தங்கச்சி. சட்டகத்தில் பெரும்பகுதி கறுப்பு என்றால், கமரா காட்சியே இருட்டு என்று நினைத்து ஐஎஸ்ஓவை ஏற்றிவிடும். நெருப்பு வெளிச்சம் விழுந்த முகம் அதில் வெளுத்துப்போகும். எக்ஸ்போசர் கொம்பன்சேசனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) -1க்குக் கொண்டுபோங்கள், பானையடியில் -1.5 வரை தேவைப்படலாம். அப்புறம், பிளாஷ் போடாதீர்கள். அந்த இரவின் அழகே நெருப்பின் செம்மஞ்சள்தான், பிளாஷ் அதைக் கழுவிக்கொண்டுபோய்விடும்.

"கட்டுக்கரைக் குளத்தில் பறக்கிற பறவைக்கு என்ன செட்டிங்?" (மன்னார்)

மனுவல் மோட், சட்டர் 1/2000, அப்பச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ மட்டும் ஓட்டோ. பறவைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 250, 400 என்று நிற்கும். பொழுதுசாயும்போது தானாகவே ஏறும், உங்கள் கண் பறவையைவிட்டு விலக வேண்டியதில்லை. வெளிறிய வானத்தில் பறக்கும்போது வயிற்றுப் பக்கம் கறுத்துவிடும், அதற்கு +1 வையுங்கள். சில பழைய கமராக்கள் மனுவல் மோட்டில் இந்தத் திருத்தத்துக்கு இடம் தராது. முதலில் வீட்டு முற்றத்துக் காகத்தில் சோதித்துப் பாருங்கள்.

"இரணைமடுக் குளக்கட்டில் முக்காலி வைத்து நட்சத்திரம் எடுக்கும்போதும் ஓட்டோதானா?" (கிளிநொச்சி)

இல்லை, அங்கே நிப்பாட்டிவிடுங்கள். பல படங்களை ஒட்டி அகலப்படம் செய்யும்போதும் அப்படித்தான், இல்லாவிட்டால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வெளிச்சத்தில் வரும்.

"மண்டபத்து ரியூப் லைட்டில் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல். ஐஎஸ்ஓ பிழையா?" (மாங்குளம்)

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பழைய ரியூப்கள் நொடிக்கு 100 தடவை மங்கித் துலங்கும். சட்டரை 1/100க்கு இறக்குங்கள், சரியாகிவிடும்.

"மனுவலில் ஐஎஸ்ஓவை ஓட்டோவில் விட்டும் மத்தியான வயலில் படம் வெள்ளையாகிவிட்டது." (ஒட்டுசுட்டான்)

ஐஎஸ்ஓ 100க்குக் கீழே கமராவால் இறங்க முடியவில்லை. எஃப் 2.8இல் 1/125 வைத்தால் அந்த வெயிலுக்கு மிக அதிகம். எஃப் 2.8தான் வேண்டுமென்றால் சட்டரை 1/3200க்கு ஏற்றுங்கள். வயல் முழுக்கத் தெளிவாக வேண்டுமென்றால் எஃப் 11, 1/250 போதும்.