ஊசியின் பெயர் என்ன?

கே: அப்பா விட்டுப்போன எல்.பி. இசைத்தட்டுகள் 40 இருக்கின்றன. பிளேயருக்குக் கோனிக்கல், எலிப்டிக்கல், ஷிபாட்டா என்று மூன்று வகை ஊசி சொல்கிறார்கள். எதை வாங்க? (உவர்மலை)

ப: எலிப்டிக்கல். கோனிக்கலின் முனை உருண்டை, ஆரம் 15 முதல் 18 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தட்டின் நடுவுக்குப் போகப்போக, பாட்டுப் பதிந்திருக்கிற பள்ளத்தின் நெளிவுகள் நெருங்கும். உருண்டை முனை அவற்றுக்குள் இறங்காது. கடைசிப் பாட்டில் 'ச' எல்லாம் சீறுவது அதனால்தான். எலிப்டிக்கலின் பக்க விளிம்பு 8 மைக்ரோன் அளவுதான், உள்ளே போய் வரும். ஷிபாட்டா 1970களில் ஜப்பானில் நான்கு சனல் (நான்கு ஒலிபெருக்கிகளில் தனித்தனி ஒலி தரும்) தட்டுகளுக்காக வந்த வெட்டு. நல்ல ஊசி, ஆனால் மாட்டும் கோணம் பிசகக்கூடாது. நான் ஆசைப்பட்டு ஒன்று வாங்கி, கண்மதிப்பில் மாட்டி, மூன்று மாதம் அப்பளம் பொரிகிற சத்தத்தைப் பாட்டென்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கே: அதே ஊசியில் நிமிடத்துக்கு 78 முறை சுற்றுகிற தாத்தாவின் பழைய தட்டுகளையும் போடலாமா? ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?

ப: இரண்டும் வேண்டாம். அந்தப் பள்ளம் அகலம், ஏறக்குறைய 75 மைக்ரோன் ஆரமுள்ள தனி ஊசி வேண்டும். தட்டு அரக்கு, ஸ்பிரிட் பட்டால் கரையும்.

கே: சூட்கேஸ் பிளேயரில் பாட்டு தாவியது. ஊசியைத் தாங்கும் கையின் மேல் நாணயம் ஒன்று வைத்தேன், தாவல் நின்றுவிட்டது. இப்போது தட்டுகள் இரைகின்றன. தட்டு தரமற்றதா? (உப்புவெளி)

ப: தட்டைக் குறை சொல்லாதீர்கள். இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் செரமிக் காட்ரிஜ் (காட்ரிஜ் என்பது ஊசியின் அதிர்வை மின்னாக்கும் சிறு தலை). ஏற்கெனவே 5 கிராம் அளவில் அழுத்தும். நல்ல மூவிங் மேக்னட் (உள்ளே காந்தம் அசைகிற) காட்ரிஜுக்கு 2 கிராம் போதும். அதன் மேல் நாணயம்! தாவினால் முதலில் மேசை மட்டமா, ஊசியில் தூசியா, முனை தேய்ந்ததா என்று பாருங்கள். சஃபயர் ஊசியென்றால் சில பத்து மணித்தியாலங்களில் தேயும். வைரம் பல நூறு தாங்கும். பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறீர்கள், ஊசியின் பெயரைக் கேட்பதில்லை. கேட்டால் கடைக்காரர் விழிக்கிறாரா? அங்கேயே திரும்பி வந்துவிடுங்கள். தேய்ந்த பள்ளத்தை எந்தப் புது ஊசியும் நிரப்பாது.

கே: இணையத்தில் 'ஒரிஜினல் ஷூர், புத்தம் புதுசு' என்று ஊசி வாங்கினேன். வந்ததில் பெயரே இல்லை. விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை. என் முட்டாள்தனமா?

ப: இல்லைத் தங்கச்சி, அவருடைய களவு. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் காட்ரிஜ் செய்வதை 2018இல் நிறுத்திவிட்டது. அதனால் மலிவாகக் கிடைக்கிற 'புதுசு' எல்லாம் சந்தேகத்துக்குரியது. ஜப்பானின் ஜிகோ தன் பெயரிலேயே மாற்று ஊசி செய்கிறது, அதைத் தேடுங்கள். விளம்பரத்தின் படம், பணம் அனுப்பிய சிட்டை, உரையாடல் எல்லாவற்றையும் வைத்து இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும், விபரத்துக்கு 1977 என்ற இலக்கத்தை அழையுங்கள். எனக்கும் நடந்ததுதான். பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் 'வைர ஊசி' வாங்கினேன். சத்தம் வரவில்லை. நகைக்கடைக்குக் கொண்டுபோனேன், தம்பி லென்ஸைக் கண்ணில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இதில கல்லே இல்லை" என்றார்.

கே: விலை கூடிய காட்ரிஜ் மாட்டியும் சத்தம் கொசு மாதிரிக் கேட்கிறது.

ப: அது தருவது 4 மில்லிவோல்ட் அளவு. போனோ பிரீஆம்ப் (அந்தச் சிறு மின்னைப் பெருக்கும் பெட்டி) இல்லாமல் ஆம்பின் ஆக்ஸ் துளையில் குத்தினால் கொசுதான்.

கே: ஊசியை விரலால் துடைக்கிறேன், சரியா?

ப: விரலை எடுங்கள். மெல்லிய பிரஷ், பின்னாலிருந்து முன்னுக்கு மட்டும்.