டெக்சஸ் கவுன்ட்டி கிளார்க் வாரிசுச் சான்றிதழ் தருவாரா?

கேள்வி: டெக்சஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். என் கணவர் சென்ற ஆண்டு திடீரென்று காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இருவர் சம்பளத்திலும் வாங்கிய வீடு, ஆனால் பத்திரம் அவர் பேரில் மட்டுமே இருக்கிறது. வீட்டுக்கடனும் பாக்கி. மகள் கல்லூரியில் படிக்கிறாள், மகன் பள்ளியில். வாரிசுச் சான்றிதழ் கேட்டுக் கவுன்ட்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போனேன். "அப்படி ஒன்று எங்களிடம் இல்லை. என்ன செய்வது என்றும் நாங்கள் சொல்லக் கூடாது, வக்கீலைப் பாருங்கள்" என்றார்கள். கும்பகோணத்தில் இருக்கும் மாமியாரும் வாரிசு, அவர் கையெழுத்தில்லாமல் எதுவும் நடக்காது என்கிறார்கள் உறவினர்கள். ஊரில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி வந்தால் இங்கே செல்லுமா?

பதில்: முதலில் ஆறுதலான செய்தியைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே உண்மையென்றால் அந்த வீடு இப்போதே முழுக்க உங்களுடையது. உங்களிடம் இல்லாதது அதைக் காட்டும் காகிதம் மட்டும்தான்.

திருமணமான பிறகு சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்து, பத்திரத்தில் யார் பேர் இருந்தாலும், டெக்சஸில் தம்பதியின் பொதுச் சொத்து. பாதி ஏற்கெனவே உங்களுடையது. உயில் இல்லாமல் இறந்தவரின் பிள்ளைகள் எல்லோரும் நீங்கள் இருவரும் பெற்றவர்கள் என்றால், அவருடைய பாதியும் உங்களுக்கே வருகிறது. இதில் பிள்ளைகளுக்கும் பங்கில்லை, மாமியாருக்கும் இல்லை. உறவினர்கள் சொல்வது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தை மனதில் வைத்து. அதன்படி தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள்தான். ஆனால் நிலம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ச் சட்டம்தான் அதன் வாரிசுகளைத் தீர்மானிக்கும். கும்பகோணத்தில் உங்கள் கணவர் பேரில் வயலோ மனையோ இருந்தால் அதில் மாமியாருக்குப் பங்கு உண்டு. தாசில்தார் சான்றிதழ் உதவுவதும் அங்கேதான். ஃபிரிஸ்கோ வீட்டுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டு விஷயங்களை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அவருக்கு வேறு உறவில் பிள்ளை இருந்தால் கணக்கு மாறிவிடும். வீடு திருமணத்துக்கு முன்பு வாங்கியதாக இருந்தாலோ, அவருக்கு மட்டும் அன்பளிப்பாகவோ பூர்வீகமாகவோ வந்த பணத்தில் வாங்கியதாக இருந்தாலோ அது அவருடைய தனிச் சொத்து. அப்போது உரிமை பிள்ளைகளுக்குப் போகும், உங்களுக்கு மூன்றில் ஒரு பங்கில் ஆயுள் வரைக்கும் அனுபவ உரிமைதான். குடியிருக்கும் வீடென்பதால் வாழும்வரை அதில் குடியிருக்கும் உரிமை இருக்கும். என்றாலும் மகன் மைனர் என்பதால் வீட்டை விற்பதென்றால் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். இந்த இரண்டில் ஒன்று உங்களுக்குப் பொருந்தினால் கீழே நான் சொல்வதை வைத்துக்கொண்டு நகர வேண்டாம்.

சரி, கிளார்க் அலுவலகத்துக்கு வருவோம். அவர்கள் உங்களை அலட்சியப்படுத்தவில்லை. டெக்சஸில் நம் ஊர் மாவட்டம் மாதிரி 254 கவுன்ட்டிகள். ஒவ்வொன்றிலும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி கவுன்ட்டி கிளார்க். நிலப் பத்திரங்களைப் பதிவது, திருமண உரிமம் தருவது, கடைப் பெயர்களைப் பதிவது, கவுன்ட்டியின் நிர்வாகக் குழுவான கமிஷனர்ஸ் கோர்ட்டின் கூட்டக் குறிப்புகளை எழுதி வைப்பது, கவுன்ட்டி நீதிமன்றத்தின் உயில், வாரிசு வழக்குக் கட்டுகளைக் காப்பது எல்லாம் அவர் பொறுப்பு. விவாகரத்து வழக்கு டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் போகும். சொத்து வரியும் வண்டிப் பதிவும் வரி அலுவலகத்தில்.

பத்திரம் பதியும்போது அவர் பார்ப்பவை கொஞ்சம்தான்: கையெழுத்து, நோட்டரி அத்தாட்சி, ஆங்கிலத்தில் இருக்கிறதா, கட்டணம் கட்டியாயிற்றா. அதில் எழுதியிருப்பது உண்மையா, விற்றவருக்கு உரிமை இருந்ததா என்று அவர் விசாரிக்க மாட்டார். பொய்ப் பத்திரமும் பதிவாகிவிடும், பதிவானதால் அது நிஜமாகிவிடாது. யார் வாரிசு என்று முடிவு செய்யவும் அவருக்கு அதிகாரம் இல்லை. வக்கீல் உரிமம் இல்லாதவர் சட்ட யோசனை சொல்வது சட்டவிரோதம் என்பதால்தான் கவுன்ட்டரில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது வாரிசுரிமை அஃபிடவிட். குடும்பத்தை நன்றாகத் தெரிந்த, சொத்தில் எந்தப் பங்கும் இல்லாத இரண்டு சாட்சிகள் நோட்டரி முன்பு சத்தியம் செய்து கையெழுத்திடுவார்கள். அவருக்கு எத்தனை திருமணம், பிள்ளைகள் யார், கடன் என்ன, எல்லாம் அதில் வரும். நம்மவர்களுக்குச் சிக்கலே இங்கேதான். ஐந்தாறு வருடப் பழக்கமுள்ள பக்கத்து வீட்டுக்காரரால் கணவருடைய கல்யாணத்துக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றிச் சத்தியம் செய்ய முடியாது. கல்லூரிக் காலத்திலிருந்து கூடவே இருந்து, இப்போது அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஊரில் இருப்பவர் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி நேரம் வாங்கிக் கையெழுத்திடலாம்.

அந்த அஃபிடவிட்டை எந்தக் கவுன்ட்டியில் பதிவது என்பதில் கவனம் வேண்டும். ஃபிரிஸ்கோ ஒரே ஊர்தான், ஆனால் ஒரு பகுதி காலின் கவுன்ட்டியிலும் இன்னொரு பகுதி டென்டன் கவுன்ட்டியிலும் இருக்கிறது. வீடு எதில் இருக்கிறதோ அங்கே பதிந்தால்தான் பயன். சொத்து வரிச் சீட்டைப் பாருங்கள், கவுன்ட்டி பேர் அதில் இருக்கும். கணவர் வாங்கிய பத்திரத்தின் பதிவு எண்ணையும் நிலத்தை அடையாளம் காட்டும் சட்ட விவரத்தையும் அஃபிடவிட்டில் எழுத்துப் பிசகாமல் சேருங்கள். கட்டணம் முதல் பக்கத்துக்கு 25 டாலரை ஒட்டியும், அடுத்த ஒவ்வொரு பக்கத்துக்கும் 4 டாலரும் வரும். பதிந்த ஆவணம் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. அதனால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ அதில் எழுதவே கூடாது.

பதிந்து ஐந்து ஆண்டு ஆன பிறகு நீதிமன்றத்தில் அந்த அஃபிடவிட்டுக்குக் கூடுதல் வலு. அதற்குள் வீட்டை விற்பதாக இருந்தால், அஃபிடவிட்டில் கையெழுத்தாகும் முன்பே அதன் வரைவை டைட்டில் கம்பெனியிடம் (விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று சரிபார்க்கும் நிறுவனம்) காட்டி இது போதுமா என்று கேட்டுவிடுங்கள். போதாது என்றால் நீதிமன்றத்தில் வாரிசு நிர்ணய மனு போட வேண்டியிருக்கும். தெரியாத வாரிசுகளுக்காக நீதிபதி தனியாக ஒரு வக்கீலை நியமிப்பார், அந்தச் செலவும் சேரும்.

கடனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடன் வாங்கியவர் இறந்து, குடியிருக்கும் வீடு உறவினருக்குப் போனால், அதைக் காரணம் காட்டி முழுத் தொகையையும் உடனே கட்டு என்று வங்கி கேட்க முடியாது. 1982 ஃபெடரல் சட்டம் அதைத் தடுக்கிறது. மாதத் தவணையை மட்டும் விடாமல் கட்டுங்கள்.

அஃபிடவிட் பதிவானதும், "உங்கள் பத்திரத்தின் பிரதிக்கு 100 டாலர் அனுப்புங்கள்" என்று அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று வந்தால் ஏமாறாதீர்கள். அதே பிரதியைக் கிளார்க் அலுவலகம் பக்கத்துக்கு ஒரு டாலருக்குத் தரும், சான்றிட்ட பிரதியென்றால் அதற்கு மேல் 5 டாலர்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. இத்தனை அலைச்சலும் உங்கள் பிள்ளைகளுக்கு வராமல் இருக்க, 2015 முதல் டெக்சஸில் இருக்கும் இறப்புக்குப் பின் மாற்றும் பத்திரத்தை எழுதலாம். உயிரோடு இருக்கும்வரை வீடு உங்களுடையது, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஆனால் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்திருந்தால் செல்லாது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே அதே கவுன்ட்டி கிளார்க்கிடம் பதிவாகியிருக்க வேண்டும். மகன் இன்னும் மைனர் என்பதால் அவன் பங்கை எப்படி எழுதுவது என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.