புத்தகத்தின் பெயர் என்ன?

வாசகர் கேள்வி:

"கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன வருடம் என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்தது. பதினொரு கதைகள். அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் ராத்திரி கண்விழித்துத் தீப்பெட்டி ஒட்டிய காலத்தைத்தான் எழுதியிருக்கிறேன். 300 பிரதி அச்சடித்தோம். வெளியீட்டன்று 60 விற்றது, 25 சும்மா கொடுத்தேன், மிச்சம் 215 கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. ஒரே ஒரு முறை வாட்ஸாப்பில் போட்டேன். 'ஏதோ கிறுக்கியிருக்கேன், நேரம் கிடைச்சா பாருங்க, பிடிக்கலேன்னா மன்னிச்சுக்கோங்க' என்று. அதற்கே என் நாத்தனார், 'அவ இப்ப பெரிய எழுத்தாளராக்கும்' என்று சொன்னாராம். என்னோடு புத்தகம் போட்ட ஒருவர் தினமும் தன் கதைகளைத் தானே மெச்சி எழுதுகிறார். அவருக்கு இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. எழுதாமல் இருந்தால் புத்தகம் செல்லரித்துப் போகும். தன்னம்பிக்கைக்கும் தலைக்கனத்துக்கும் நடுவில் நான் எங்கே நிற்பது?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். 136 பக்கம், 160 ரூபாய் விலை, அட்டை என்ன நிறம் என்பது வரை எழுதியிருக்கிறீர்கள். புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதவில்லை. அதைத் தேடுவதற்காகவே கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். எங்கேயும் இல்லை.

உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புத்தகம் வந்திருக்கிறது என்று சொல்வதையும், அது நன்றாக இருக்கிறது என்று மெச்சுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். மெச்சக் கூச்சப்பட்டு, சொல்வதையே விட்டுவிட்டீர்கள். உங்கள் நண்பருக்கும் அதே குழப்பம்தான். அவர் மெச்சினால்தான் சொன்னதாகும் என்று எண்ணிவிட்டார். அவர் புத்தகம் விற்றது அந்தப் பாராட்டுகளால் என்று நீங்கள் நம்புகிறீர்கள். என் கணிப்பு வேறு. அவர் தினமும் புத்தகத்தின் பெயரைச் சொன்னார், எங்கே கிடைக்கும் என்று சொன்னார். அதற்குத்தான் விற்றிருக்கும்.

இந்தக் கூச்சம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. பவணந்தி முனிவர் தன் இலக்கண நூலான நன்னூலின் பாயிரத்தில், அதாவது முன்னுரையில், இதற்கென்றே சூத்திரம் வைத்திருக்கிறார். எத்தனை துறையில் கரை கண்டவனானாலும் 'தான்தற் புகழ்தல் தகுதி அன்றே' என்கிறார். உங்கள் நாத்தனார் கட்சி! ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களுக்கு விலக்கும் தருகிறார். அரசனுடைய அவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் திறமையை அறியாதவர்கள் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிராளி தன்னைப் பழிக்கும்போது. இந்த நான்கில் 'தன்னைப் புகழ்தலும் தகும்புலவோற்கே'.

இரண்டாவதைப் பாருங்கள். தன்னை அறியாதவர்கள் நடுவில். முதல் புத்தகம் போட்ட ஒருவருக்கு உலகமே அந்த இடம்தான். உங்கள் தெருவையும் பள்ளியையும் தாண்டினால் உங்களை யாருக்கும் தெரியாது. அவர்களிடம் நீங்கள் வாயைத் திறக்கலாம். இலக்கணமே அனுமதி தருகிறது. நான்காவது விலக்கை மட்டும் இந்தக் காலத்தில் எடுத்துக்கொள்ளாதீர்கள். யாராவது புத்தகத்தைக் குறை சொன்னால் பதிலுக்குப் பதில் எழுத உட்காராதீர்கள். படித்துவிட்டுக் குறை சொல்பவருக்கு நன்றி சொல்லுங்கள், படிக்காமல் சொல்பவரை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

சரி, வாயைத் திறந்து எதைச் சொல்வது? அதற்கும் அதே பாயிரத்தில் பட்டியல் இருக்கிறது. ஒரு நூலின் முகப்பில் எட்டு விஷயம் இருக்க வேண்டுமாம். ஆக்கியவர் பெயர், எந்த வழியில் வந்த நூல், எந்த எல்லைக்குள் வழங்குவது, நூலின் பெயர், எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, எதைப் பற்றியது, கேட்க வேண்டியவர் யார், பயன் என்ன. இந்த எட்டில் 'அருமையான நூல்' என்பதற்கு இடமில்லை. 'ஏதோ கிறுக்கினேன்' என்பதற்கும் இடமில்லை. புகழ்ச்சியை யார் சொல்வது என்பதையும் தனியாகச் சொல்லிவிடுகிறார். ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரைகாரர். அந்தப் பொறுப்பு உங்களுடையதே இல்லை.

இப்போது உங்கள் வாட்ஸாப் செய்தியை எடுத்து அந்த எட்டையும் மனதில் வைத்துத் திருத்திப் பார்த்தேன்:

"வணக்கம். என் முதல் சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது. கோவில்பட்டிப் பக்கம் வீட்டிலிருந்தபடி தீப்பெட்டி ஒட்டிய பெண்களைப் பற்றிய பதினொரு கதைகள். என் அம்மா அவர்களில் ஒருவர். இந்த வேலையைப் பார்த்தவர்கள், பார்த்தவர்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 136 பக்கம், 160 ரூபாய். வேண்டுமென்றால் இந்த எண்ணுக்கு முகவரி அனுப்புங்கள்."

மேலே புத்தகத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு வார்த்தை பெருமை உண்டா? ஒரு வார்த்தை மன்னிப்பு உண்டா? இதைக் கூச்சமில்லாமல் யாருக்கும் அனுப்பலாம். மாதம் ஒரு முறை, ஒவ்வொரு முறையும் வேறொரு கதையிலிருந்து நான்கு வரியோடு போடுங்கள். அறுபது எழுபது பேரை ஒரே பதிவில் கோத்துவிடுவது, பள்ளிக் குழுவில் போடுவது, துக்கச் செய்தி வந்த அன்று போடுவது, இவை வேண்டாம். விமர்சனம் எழுதுவார் என்று நம்புகிற ஒருவருக்குப் பிரதி அனுப்பினால், கிடைத்ததா என்று ஒரு தடவை கேளுங்கள். மறுபடி கேட்காதீர்கள்.

அந்தப் பழைய செய்தியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. 'கிறுக்கியிருக்கேன்' என்பதைப் பணிவு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பயம்தான் தெரிகிறது. அடுத்தவர் அடிப்பதற்கு முன்னால் நாமே அடித்துக்கொள்வது. கம்பரும் அவையடக்கம் பாடினார். பாற்கடலை நக்கியே குடித்துவிடலாம் என்று போன பூனையைப் போல இராமன் கதையைச் சொல்ல வந்தேன் என்றார். அவர் சின்னதாக்கியது தன்னை. கதையைச் சின்னதாக்கவில்லை, அது பாற்கடலாகவே இருந்தது. அப்புறம் அந்தப் பூனை கரையோடு திரும்பவும் இல்லை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தது. நீங்கள் உங்களை எவ்வளவு வேண்டுமானாலும் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு குரோசுக்கு 144 பெட்டி எண்ணி, ஒன்று குறைந்தாலும் திட்டு வாங்கிய உங்கள் அம்மாவின் ராத்திரிகளைக் கிறுக்கல் என்று சொல்லாதீர்கள். அந்தப் பெண்கள் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடலாம் எட்டயபுரத்துக்கு. அந்த ஊர் மன்னருக்கு 1919-ல் பாரதி சீட்டுக்கவி, அதாவது பாட்டாகவே ஒரு கடிதம், எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயரே ஓலைத் தூக்கு, பவணந்தி விலக்குக் கொடுத்த முதல் இடம். தமிழ்நாட்டுக்குக் கவியரசர் இல்லை என்ற வசை என்னால் கழிந்தது என்று அதில் எழுதினார். மறு வருடம் கடையத்திலிருந்து நண்பர்களுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், அவை மண்ணெண்ணெய், தீப்பெட்டியைக் காட்டிலும் சாதாரணமாகவும் விரைவாகவும் விற்றுப்போகும் என்றும் சொல்லி, கடனாகப் பணம் கேட்டார். ஆம், தீப்பெட்டி. உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. அந்தத் திட்டம் நடக்கவில்லை, 1921 செப்டம்பரில் அவரும் போய்விட்டார். கவியரசர் என்று சொல்லிக்கொள்ளும் தைரியம் அவருக்குப் பொருந்தும், நமக்கு வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சுற்றறிக்கையைத்தான். எத்தனை நூல், எத்தனை பிரதி, உங்களிடம் நான் கேட்பது என்ன என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார் அல்லவா, அதை.

என் முதல் புத்தகம் நெசவாளர்களைப் பற்றியது. நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். நல்ல எழுத்தாக இருந்தால் தானே போய்ச் சேரும் என்று பரண் மேல் ஏற்றிவிட்டேன். ஆறு வருடம் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஒரு தறிக்காரரின் மகள். ஏதோ ஒரு நூலகத்தில் தற்செயலாக எடுத்திருக்கிறார். 'தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம்தான் அப்பா இறந்தார். இந்தப் புத்தகம் இருப்பது தெரிந்திருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டியிருப்பேன்' என்று எழுதியிருந்தார். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். என் கூச்சத்தால் நட்டம் எனக்குத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அதனால் வாட்ஸாப்புக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். உங்கள் அம்மாவோடு பெட்டி ஒட்டியவர்களில் இன்னும் இருப்பவர்களைத் தேடிப் போங்கள். படிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு கதையை வாய்விட்டு வாசியுங்கள். 'அது அப்படி இல்லத்தா, பசை காய்ச்சுறது இப்படி' என்று யாராவது திருத்தினால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்கு உதவும். உங்கள் ஊர் நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுங்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கு இடம் ஒதுக்குகிறார்களா என்று விசாரியுங்கள். சும்மா கொடுப்பதை அந்தப் பெண்களோடும் நூலகத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள், மற்றவர்கள் வாங்கிப் படிக்கட்டும்.

யாராவது நன்றாக இருக்கிறது என்றால், 'அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க' என்று சொல்லாதீர்கள். அவர் மனதாரச் சொன்னதைத் தட்டிவிடுவது போல ஆகும். 'நன்றி, எந்தக் கதை பிடித்தது?' என்று கேளுங்கள். நாத்தனாருக்கும் ஒரு பிரதி கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அவர் வீட்டிலும் தீப்பெட்டி ஒட்டியிருப்பார்கள், உங்கள் பக்கம் ஒட்டாத வீடு குறைவு.

எனக்கும் ஒரு பிரதி வேண்டும். 160 ரூபாயும் தபால் செலவும் எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். புத்தகத்தின் பெயரையும் எழுதுங்கள், அடுத்த இதழில் இந்தப் பக்கத்திலேயே போடுகிறோம்.